வட யானை சீல் 2 லட்சத்தைத் தாண்டிவிட்டது, மரபணுப் பல்வகைமையும் திரும்பிவிட்டதா?

கரைநண்டு | 3 மார்ச் 2025

கலிபோர்னியா, மெக்சிகோ கரையில் வாழும் வட யானை சீலை எண்ணெய்க்காக வேட்டையாடி ஏறக்குறைய அழித்துவிட்டார்கள். இன்று 2 லட்சத்துக்கு மேல் இருக்கின்றன. இவ்வளவு பெருகிய பிறகும் "மரபணு ரீதியில் பலவீனமான இனம்" என்று எழுதிக்கொண்டே இருப்பது ஏன்? எண்ணிக்கை திரும்பினால் பல்வகைமையும் திரும்பத்தானே வேண்டும்?

ஆழிமுத்து | 3 மார்ச் 2025

திரும்பாது. இரண்டும் வேறு வேறு கணக்கு.

19ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து கொழுப்பெண்ணெய்க்காகக் கொன்று குவித்ததில், 1880களில் இந்த இனம் முடிந்துபோனது என்றே நினைத்தார்கள். 1892இல் டவுன்சென்ட், அந்தோணி என்ற இரண்டு இயற்கை ஆய்வாளர்கள் மெக்சிகோவின் குவாதலூப்பே தீவில் ஒரு சிறு கூட்டத்தைக் கண்டார்கள். அதிலும் 7 விலங்குகளை அருங்காட்சியகச் சேகரிப்புக்காகக் கொன்றார்கள். 1922இல் மெக்சிகோ பாதுகாப்புச் சட்டம் போட்டது, சில ஆண்டுகளில் அமெரிக்காவும் தொடர்ந்தது. இன்று அலாஸ்கா வரை போய் மேயும் அத்தனை வட யானை சீல்களும் அந்தத் தீவில் தப்பிய சிலவற்றின் வாரிசுகள்.

பெருகும்போது பழைய அல்லீல்களின் (ஒரு மரபணுவின் மாற்று வடிவங்களின்) நகல்தான் கூடும். தொலைந்த அல்லீலை நகலெடுக்க ஆள் இல்லை. புதிதாக வரவேண்டுமென்றால் மியூட்டேஷன் (டிஎன்ஏவில் தற்செயலாக நிகழும் மாற்றம்) ஒன்றுதான் வழி. ஒரு தளத்தில் ஒரு தலைமுறைக்கு ஏறத்தாழ 10 கோடியில் ஒன்று என்ற வேகம் அது. 1892க்குப் பிறகு, தலைமுறைக்கு 9 ஆண்டு என்று வைத்தால், 15 தலைமுறைதான் ஆகியிருக்கிறது.

ஆழிமுத்து | 3 மார்ச் 2025, இரவு

மேலே சொன்னதோடு ஒன்று சேர்க்க வேண்டும். 2 லட்சம் விலங்கு இருக்கும்போது புது மியூட்டேஷன்கள் நிறையவே பிறக்கின்றன. ஒவ்வொரு குட்டியும் சில பத்துப் புது மாற்றங்களோடுதான் வரும். ஆனால் ஒவ்வொன்றும் (விலங்குக்கு இரண்டு வீதம்) 4 லட்சம் நகல்களில் ஒரே ஒரு நகலாக உட்கார்ந்திருக்கும். ஹெட்டரோசைகோசிட்டி (தாய் நகலும் தந்தை நகலும் வேறுபடும் இடங்களின் பங்கு) கணக்கில் அது தெரியவே தெரியாது. அதனால் "புது மாற்றமே இல்லை" என்று எழுதுவது தவறு. "இருக்கிறது, எல்லாமே மிக அரிதாக இருக்கிறது" என்பதுதான் சரி.

வெண்சங்கு | 5 மார்ச் 2025

தொலைந்தது எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் தெளிவாகும். பயனுறு எண்ணிக்கை (அடுத்த தலைமுறைக்கு உண்மையில் மரபணுவைக் கடத்தும் விலங்குகளின் கணக்கு) N என்றால், ஒரு தலைமுறையில் ஹெட்டரோசைகோசிட்டி 1/(2N) பங்கு குறையும். 2024இல் வந்த மரபணுத்தொகுதி ஆய்வு ஒன்று, தப்பியவை 25க்கும் குறைவு, பயனுறு எண்ணிக்கை சுமார் 6 என்று மதிப்பிட்டது. N = 6 வைத்தால் ஒரு தலைமுறையில் 1/12, அதாவது 8.3% போகும்.

N = 6 அப்படியே 10 தலைமுறை நீடித்திருந்தால் 42%தான் மிஞ்சும். ஒவ்வொரு தலைமுறையும் இரட்டிப்பானால் (6, 12, 24, 48...) மொத்த இழப்பு 16% அளவில் நின்றுவிடும், 84% மிஞ்சும். குறுகல் (எண்ணிக்கை மிகச் சிறிதாக விழுந்த கட்டம்) எவ்வளவு ஆழம் என்பதோடு எவ்வளவு காலம் என்பதும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது. நெய், மருயாமா, சக்ரவர்த்தி 1975லேயே இதைக் காட்டிவிட்டார்கள்.

அல்லீல் எண்ணிக்கை வேறு கதை. 6 விலங்கு என்றால் 12 நகல். முன்பு 5% இருந்த ஒரு அல்லீல் அந்த 12இல் ஒன்றில்கூட இல்லாமல் போகும் வாய்ப்பு 0.95ஐ 12 தடவை பெருக்கினால் வரும்: 54%. 1% இருந்த அல்லீல் என்றால் 89%. நோய் எதிர்ப்பு மரபணுக்களில் அரிய அல்லீல்கள்தான் நிறைய. அவைதான் முதலில் போகும்.

கரைநண்டு | 5 மார்ச் 2025

25 விலங்கு இருந்தது, ஆனால் பயனுறு எண்ணிக்கை 6 என்றால் மீதி 19 எங்கே போனது?

ஆழிமுத்து | 6 மார்ச் 2025

எங்கும் போகவில்லை. அவற்றில் சில குட்டிகள், சில இனப்பெருக்கத்துக்கே வராத ஆண்கள். யானை சீலில் ஒரு பெரிய காளை கரையில் ஒரு பெண் கூட்டத்தையே வளைத்து வைத்துக்கொள்ளும். மற்ற ஆண்களில் பெரும்பாலானவை ஓரத்திலேயே நின்று வாழ்நாளை முடிக்கும். ஆண் பெண் விகிதம் கோணலானால் பயனுறு எண்ணிக்கை = 4 × ஆண் × பெண் ÷ (ஆண் + பெண்). 2 காளையும் 10 பெண்ணும் என்று போடுங்கள்: 80 ÷ 12 = 6.7. பெண்ணை 10லிருந்து 20 ஆக்கினாலும் 7.3தான் வரும். காளையை 2லிருந்து 4 ஆக்கினால் 11.4. குறுகலில் கழுத்தைப் பிடிப்பது ஆண்களின் எண்ணிக்கை.

இதில் ஒரு எச்சரிக்கை. கரையில் எந்தக் காளை எத்தனை தடவை புணர்ந்தது என்று எண்ணுவதும், டிஎன்ஏ காட்டும் தந்தைமையும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. பெண் கடலுக்குத் திரும்பும் வழியில் மறிக்கும் ஆண்களும் உண்டு. இந்த இனத்தில் பல்வகைமையே குறைவு என்பதால் தந்தைமைச் சோதனையில் பல ஆண்கள் ஒரே குட்டிக்குப் பொருந்திவிடும். மற்ற சீல்களில் போதுமான மைக்ரோசேட்டலைட் (ஆளுக்கு ஆள் நீளம் மாறும், திரும்பத் திரும்ப வரும் டிஎன்ஏ துண்டு) எண்ணிக்கை இங்கே பற்றாது.

வெண்சங்கு | 9 மார்ச் 2025

பழைய அளவீடுகள், வரிசையாக.

1974இல் பொன்னலும் செலாண்டரும் 159 விலங்குகளின் இரத்தப் புரதங்களை எலக்ட்ரோஃபோரசிஸில் (மின்புலத்தில் புரதங்களைப் பிரிக்கும் முறை) ஓட்டி, 24 மரபணு இடங்களில் ஒன்றில்கூட வேறுபாடு இல்லை என்று எழுதினார்கள். அந்த முறையில் புரதத்தின் மின்னேற்றத்தை மாற்றும் வேறுபாடு மட்டும்தான் தெரியும். "24இல் பூஜ்யம்" என்பதை "மரபணுத்தொகுதி முழுக்க பூஜ்யம்" என்று இன்றும் சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை.

1993இல் ஹோல்செலும் உடனாளர்களும் மைட்டோகாண்ட்ரியாவின் கட்டுப்பாட்டுப் பகுதியைப் படித்தபோது கிடைத்தது 2 ஹேப்ளோடைப் (வரிசை வகை). தாய்வழி மட்டும் வருவதால் இந்தக் குறியீட்டுக்குக் குறுகல் இன்னும் இறுக்கம். பிறகு குறுகலுக்கு முந்தைய எலும்புகளைப் படித்தபோது இன்று இல்லாத வரிசைகள் கிடைத்தன. இழப்பு நடந்ததற்கு நேரடிச் சாட்சி அதுதான்.

ஆழிமுத்து | 9 மார்ச் 2025

அந்தக் கடைசி வரிதான் மிக முக்கியம். வட யானை சீலைத் தென் யானை சீலோடு ஒப்பிட்டு "இவ்வளவு தொலைந்தது" என்று சொல்வது வழக்கம். தென்னினம் அண்டார்டிகாவைச் சுற்றிப் பல தீவுகளில் பரவி, எப்போதுமே பெரிய எண்ணிக்கையில் இருந்த இனம். வடக்கினம் வேட்டைக்கு முன்பே அதைவிடக் குறைவான பல்வகைமையோடு இருந்திருக்க வாய்ப்பு உண்டு. அப்படியானால் இரண்டுக்கும் உள்ள இடைவெளி முழுவதையும் வேட்டையின் கணக்கில் எழுத முடியாது. பக்கத்து இனம் நல்ல அளவுகோல் இல்லை, அதே இனத்தின் பழைய எலும்புதான் அளவுகோல். மேலே வந்த 84% கணக்கும் குறுகலின் அடியில் மட்டும் நடந்ததைச் சொல்கிறது. அதற்கு முன் பல பத்தாண்டு வேட்டையில் கூட்டம் சுருங்கிக்கொண்டே வந்தபோது போனது தனி.

கரைநண்டு | 12 மார்ச் 2025

சரி, திசு எடுப்பது எப்படி? இவ்வளவு பெரிய விலங்கை மயக்க வேண்டுமா?

ஆழிமுத்து | 13 மார்ச் 2025

பெரும்பாலும் வேண்டாம். பால்குடி மறந்த குட்டிதான் எளிது. தாய் ஏறத்தாழ 4 வாரம் பால் கொடுத்துவிட்டுக் கடலுக்குப் போய்விடும். குட்டி அடுத்த சில வாரங்கள் கரையிலேயே கிடக்கும். பின் துடுப்பின் விரலிடைச் சவ்வில் அடையாள வில்லை பொருத்தத் துளை போடும்போது வெளியே வரும் வட்டத் தோல் துண்டே போதும். தனிக் காயம் வேண்டியதில்லை. அமெரிக்கக் கரையில் இதற்கு 1972ஆம் ஆண்டின் கடல் பாலூட்டிப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அனுமதி இருக்க வேண்டும். இயல்பாக உதிர்ந்த தோலை மட்டும், விலங்கைத் தொந்தரவு செய்யாமல், உண்மையான அறிவியல் ஆய்வுக்காகச் சேகரிக்க அதன் விதிகள் இடம் தருகின்றன.

துண்டில் கொழுப்பு ஒட்டியிருந்தால் அங்கேயே வெட்டி விலக்குங்கள். கொழுப்பு பிரித்தெடுப்பைக் கெடுக்கும். 95% எத்தனால், திசுவின் கனஅளவைப்போல் குறைந்தது 5 முதல் 10 மடங்கு. ஒரு நாள் கழித்து எத்தனாலை மாற்றுங்கள், ஏனெனில் திசுவிலிருந்து வந்த நீர் அதை நீர்க்கச் செய்திருக்கும். எத்தனாலை அனுப்புவது சிக்கல் என்றால் 20% டிஎம்எஸ்ஓவில் உப்பை நிறைசெறிவாகக் கரைத்த கரைசல் நன்றாக வேலை செய்யும், சாதாரண வெப்பநிலையிலேயே தாங்கும். சீட்டைப் பென்சிலால் எழுதிக் குப்பிக்கு உள்ளே போடுங்கள். வெளியே மார்க்கரில் எழுதியது ஒரு சொட்டு எத்தனால் கசிந்தாலே போய்விடும். எண் அழிந்த குப்பியில் எவ்வளவு நல்ல டிஎன்ஏ இருந்தாலும் பயனில்லை.

உதிர்ந்த தோலும் உண்டு. யானை சீல் ஆண்டுக்கு ஒருமுறை முடியோடு சேர்ந்து மேல்தோலைத் தாள் தாளாக உரிக்கும். பெண்களும் இளசுகளும் வசந்த காலத்தில், பெரிய ஆண்கள் கோடையில். விலங்கைத் தொடாமலே எடுக்கலாம், ஆனால் டிஎன்ஏ சிதைந்திருக்கும். இரண்டு அல்லீலில் ஒன்று மட்டும் பெருகி, ஹெட்டரோசைகோட் (இரண்டு நகலும் வேறான) விலங்கு ஹோமோசைகோட்டாக (இரண்டும் ஒன்றானதாக) தெரியும். பல்வகைமையே குறைந்த இனத்தில் இந்தப் பிழை முடிவையே திருப்பிவிடும். ஒவ்வொரு மாதிரியையும் தனித்தனியாகக் குறைந்தது 3 தடவை பெருக்கிப் பார்க்காமல் நம்பக்கூடாது.

ஆழிமுத்து | 13 மார்ச் 2025, கொஞ்சம் கழித்து

விட்டுப்போனது: ஒரே குடாவில் 50 குட்டி எடுத்தால் அதில் பாதி ஒரே காளையின் பிள்ளைகளாக இருக்கலாம். இனத்தின் பல்வகைமை என்று அளப்பது ஒரு குடும்பத்தின் பல்வகைமையாகிவிடும். குடாக்களை மாற்றுங்கள், ஆண்டுகளை மாற்றுங்கள், கணக்குக்கு முன்பு உறவுமுறையைச் சோதித்து நெருங்கிய சகோதரங்களில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

வெண்சங்கு | 16 மார்ச் 2025

ஆய்வகப் பக்கம், அதிகம் தவறும் இடங்கள்.

மைக்ரோசேட்டலைட்டைத் தேர்ந்தெடுக்கும்போதே கோணல் வந்துவிடும். இந்த இனத்தில் வேறுபாடு காட்டியவற்றை மட்டும் பொறுக்கி வைத்துக்கொண்டால் சராசரி வீங்கும். வேறு சீலுக்காக வடிவமைத்த பிரைமர்களை (டிஎன்ஏவைப் பெருக்கத் தொடக்கமாக ஒட்டும் சிறு துண்டுகளை) இங்கே போட்டால் சரியாக ஒட்டாமல் அல்லீல் மறைந்து, சராசரி சுருங்கும். இரண்டு ஆய்வுகளின் எண்களை நேருக்கு நேர் வைப்பதற்கு முன்பு எந்தக் குறியீடுகள் என்று பாருங்கள்.

குறுகல் நடந்ததா என்று பார்க்க கார்சா, வில்லியம்சன் 2001இல் சொன்ன எம் விகிதம் இன்றும் பயன்படுகிறது: அல்லீல் எண்ணிக்கையை அல்லீல் அளவுகளின் வீச்சால் வகுப்பது. குறுகலில் நடுநடுவே அல்லீல் போவதால் எண்ணிக்கை வீச்சைவிட வேகமாகக் குறையும். 0.68க்குக் கீழே போனால் குறுகல் என்பது அவர்கள் வைத்த எல்லை. ஆனால் வீச்சு 1 மட்டும் உள்ள, மாறாத குறியீடுகளைச் சேர்த்தால் விகிதம் பொய்யாக உயரும். இந்த இனத்தில் அப்படிப்பட்டவை ஏராளம்.

முழு மரபணுத்தொகுதி வந்தபிறகு எல்லோரும் பிஎஸ்எம்சி (ஒரே விலங்கின் மரபணுத்தொகுதியிலிருந்து பழைய எண்ணிக்கையை ஊகிக்கும் முறை) வரைபடம் போடுகிறார்கள். அதில் வளைவு விழுந்திருப்பதைக் காட்டி "இதோ 1890 குறுகல்" என்று எழுதுவதைப் பார்த்திருப்பீர்கள். பிஎஸ்எம்சிக்குக் கடந்த சில ஆயிரம் ஆண்டு தெரியாது. அது காட்டுவது பனிக்காலத்துக் கதை. 15 தலைமுறைக்குள் நடந்ததைப் பார்க்க அல்லீல் அதிர்வெண் பரவல், இணைப்புச் சமநிலையின்மை (அருகருகே உள்ள அல்லீல்கள் சேர்ந்தே வரும் போக்கு), ஆர்.ஓ.ஹெச். நீளம் இவைதான் வழி.

கரைநண்டு | 16 மார்ச் 2025

ஆர்.ஓ.ஹெச். என்றால்?

வெண்சங்கு | 17 மார்ச் 2025

தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் ஒரே மாதிரி வந்து, இடையில் வேறுபாடே இல்லாமல் நீளும் குரோமோசோம் துண்டு. இருவருக்கும் பொது மூதாதை g தலைமுறைக்கு முன் இருந்தால், துண்டின் சராசரி நீளம் 100/(2g) சென்டிமார்கன் (குரோமோசோமில் மரபுத் தூரத்தின் அலகு). 15 தலைமுறைக்கு 3.3 சென்டிமார்கன். பாலூட்டிகளில் தோராயமாக ஒரு சென்டிமார்கனுக்கு 10 லட்சம் காரங்கள் (டிஎன்ஏ எழுத்துகள்) என்று வைத்தால் 33 லட்சம் காரங்கள். 1 கோடியைத் தாண்டிய துண்டு கிடைத்தால் அது பெரும்பாலும் 5 தலைமுறைக்குள் நடந்த சேர்க்கை, வேட்டைக் காலத்ததாக இருக்க வாய்ப்பு குறைவு. இவற்றைத் தனித்தனியாகப் பிரிக்காமல் மொத்தமாக ஒரு சதவீதம் சொன்னால், பழைய குறுகலா, இன்றைய உறவுச் சேர்க்கையா என்பதே தெரியாது.

வாசிப்பு ஆழம் (ஒவ்வொரு தளத்தையும் சராசரியாக எத்தனை தடவை வாசித்தோம் என்பது) 10 மடங்குக்குக் கீழே இருந்தால் ஹெட்டரோசைகோட் தளங்கள் விடுபட்டு, இல்லாத துண்டுகள் முளைக்கும். ஆழத்தில் பெரிய வேறுபாடு உள்ள மாதிரிகளை ஒப்பிட வேண்டியிருந்தால் ஆழமானதை வெட்டிக் குறைத்துச் சமப்படுத்துங்கள்.

அருங்காட்சியக எலும்புக்குக் கேடு வேறு விதம். பல் அல்லது எலும்பிலிருந்து 50 முதல் 100 மில்லிகிராம் பொடி, நவீன மாதிரியே நுழையாத தனி அறையில். பழைய டிஎன்ஏவின் முனைகளில் சைட்டோசின் சிதைந்து தைமினாக வாசிக்கப்படும். அதை வடிகட்டாமல் விட்டால் பழைய விலங்குக்கு இல்லாத பல்வகைமை ஏறி, "இழப்பு" பெரிதாகத் தெரியும். சிதைந்த சைட்டோசினை அகற்றும் யுடிஜி நொதி போடுங்கள், அல்லது டிரான்சிஷன் (C-T, A-G மாற்றம் உள்ள) தளங்கள் அத்தனையையும் விலக்கிவிட்டு இரண்டு தரப்பையும் ஒப்பிடுங்கள்.

கரைநண்டு | 20 மார்ச் 2025

இவ்வளவு இழந்தும் ஆண்டுதோறும் பெருகிக்கொண்டேதானே வந்தது? அப்படியானால் இந்த இழப்பால் ஒரு தீங்கும் இல்லை என்றுதானே அர்த்தம்?

ஆழிமுத்து | 21 மார்ச் 2025

இங்கேதான் பெரும்பாலான வாதங்கள் வழி தவறுகின்றன. 2024 ஆய்வில், அதிக ஹோமோசைகோட்டாக இருந்த விலங்குகள் மற்றவற்றைவிட நோயாளிகள் என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. அதிலிருந்து "தீங்கு இல்லை" என்று தாவக்கூடாது. அந்த வகை ஆய்வு கூட்டத்துக்குள் ஒரு விலங்கை இன்னொன்றோடு ஒப்பிடுகிறது. எல்லா விலங்கிலும் ஒரே தீய அல்லீல் நிலைத்துவிட்டிருந்தால் ஒப்பிட வேறுபாடே இருக்காது. வகுப்பில் அத்தனை பேரும் ஒரே கேள்வியைத் தவறாக எழுதினால் அந்தக் கேள்வியை வைத்து ஒருவரை ஒருவரோடு தரம் பிரிக்க முடியாதது போல.

எது நிலைக்கும் என்பதற்கும் ஒரு தோராய எல்லை உண்டு. கேடு 1/(2N)ஐ விடப் பெரிதாக இருந்தால்தான் இயற்கைத் தேர்வு அதைப் பிடிக்கும். N = 6இல் அது 8%. உயிரைக் கொல்லும் ஒடுங்கு அல்லீல்கள் (இரண்டு நகலும் இருந்தால்தான் வெளிப்படுபவை) அந்த நெருக்கடியில் வெளிப்பட்டுக் கழிந்திருக்கும், அல்லது வெறும் தற்செயலில் தொலைந்திருக்கும். 1%, 2% கேடு செய்பவை தேர்வின் கண்ணில் படாமல் நிலைத்திருக்கும். அவற்றைக் காண முந்தைய காலத்து விலங்கோடு ஒப்பிட வேண்டும். அப்படி ஒன்று நடந்திருக்கிறது: 2002இல் வந்த ஆய்வில், குறுகலுக்குப் பிந்தைய மண்டையோடுகளில் இட வல சமச்சீர் முன்பைவிடக் குறைந்திருந்தது. பெருகுவதற்கு அது தடையாக இல்லை. கரை காலியாக, கொல்ல ஆள் இல்லாமல் இருக்கும்போது 2% குறை தெரியாது.

வெண்சங்கு | 22 மார்ச் 2025

எல்லாக் கடல் பாலூட்டிக்கும் இதே கதை என்று நினைக்க வேண்டாம். தென் ஜார்ஜியாவின் அண்டார்டிக் ஃபர் சீலையும் வேட்டையாடித் தீர்த்தார்கள், ஆனால் இன்று அதன் பல்வகைமை அதிகம். கண்ணில் படாத இடங்களில் போதுமானவை தப்பியிருக்க வேண்டும்.

கடல் நீர்நாயில் மனிதக் கை பலன் தந்தது. ரோம வேட்டையைத் தடுத்த 1911 பன்னாட்டு ஒப்பந்தத்தின்போது சிதறிய சில கூட்டங்கள்தான். கலிபோர்னியாவில் 1938இல் பிக் சர் கரையில் கண்டது 50 அளவு. பிறகு 1969 முதல் 1972 வரை பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கு 89 நீர்நாய்களைக் கொண்டுபோனபோது அம்சிட்கா, பிரின்ஸ் வில்லியம் சவுண்ட் என இரண்டு மூலங்களிலிருந்து எடுத்தார்கள். ஒரே மூலத்திலிருந்து எடுத்திருந்தால் கிடைத்திராத கலவை அது. யானை சீலுக்கு இந்த வழியே இல்லை. எல்லாக் கூட்டமும் குவாதலூப்பேயின் கிளை. எந்தக் கரையிலிருந்து எந்தக் கரைக்கு மாற்றினாலும் புது அல்லீல் வராது.

வாக்கிட்டா (மெக்சிகோவின் கலிபோர்னியா வளைகுடாவில் மட்டும் வாழும் சிறு கடற்பன்றி) இதற்கு மறுபக்கம். 10 அளவுக்கு வந்துவிட்டது. ஆனால் பல ஆயிரம் ஆண்டாகவே சிறிய கூட்டமாக வாழ்ந்து, தீய மியூட்டேஷன்களின் சுமை குறைந்த இனம். 2022இல் வந்த ஆய்வின் கணிப்பு: வலையில் சிக்கிச் சாவது நின்றால் மீள முடியும். குறைந்த பல்வகைமை என்ற ஒன்றை வைத்து "இனி காப்பாற்றிப் பயனில்லை" என்று அதைக் கைவிடச் சொல்பவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

ஆழிமுத்து | 25 மார்ச் 2025

வாக்கிட்டாவை யானை சீலுக்கு அப்படியே பொருத்தக்கூடாது. நீண்ட காலம் சிறிதாக இருந்தது ஒன்று, பெரிதாக இருந்து திடீரென விழுந்தது இன்னொன்று. முதலாவதில் கழிவதற்கு நேரம் கிடைத்தது. இரண்டாவதில் கிடைத்தது சில தலைமுறை.

நோய் பற்றி: 2023இல் எச்5என்1 பறவைக் காய்ச்சல் அர்ஜென்டினாவின் வால்டெஸ் தீபகற்பத்தில் தென் யானை சீல் குட்டிகளில் ஏறக்குறைய அந்த ஆண்டுத் தலைமுறையையே கொன்றது. பல்வகைமை அதிகமுள்ள இனத்திலேயே அந்த நிலை. அதனால் "பல்வகைமை இருந்தால் தப்பும்" என்று எளிதாக எழுதவும் முடியாது. பல்வகைமையின் பலன் முதல் அலைக்குப் பிறகுதான் வரும்: தப்பியவை எவை, அவற்றின் எதிர்ப்பு அல்லீல்கள் அடுத்த தலைமுறைக்குப் போக வழி உண்டா என்பதில். வட யானை சீலில் எம்ஹெச்சி (நோய்க்கிருமியை அடையாளம் காண உதவும் மரபணுக்கள்) அல்லீல்கள் மிகக் குறைவு. ஒன்றுக்குப் பலவீனம் என்றால் பெரும்பாலானவற்றுக்கும் பலவீனம் என்று எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

கரைநண்டு | 26 மார்ச் 2025

அப்படியானால் இப்போது செய்ய வேண்டியது என்ன? அல்லீலைத்தான் கொண்டுவர முடியாதே.

ஆழிமுத்து | 27 மார்ச் 2025

இருப்பதைத் தொலைக்காமல் பார்ப்பது. ஒரு கூட்டம் எத்தனை பெரிது என்பதைவிட எத்தனை கரைகளில் பரவியிருக்கிறது என்பது நோய்க்கும் புயலுக்கும் முக்கியம். கலிபோர்னியாவில் அன்யோ நுவேவோவின் நிலக்கரையில் முதல் குட்டி 1975இல் பிறந்தது, பியெத்ராஸ் பிளாங்காஸில் கூட்டம் 1990இல் தொடங்கியது. புதிதாக உருவாகும் சிறு கரைகளில் தொடக்கத்திலேயே ஆள் நடமாட்டத்தைக் கட்டுப்படுத்தினால் அவை நிலைக்கும். குவாதலூப்பேயிலும் மெக்சிகோவின் மற்றத் தீவுகளிலும் மாதிரி எடுப்பது அமெரிக்கக் கரையைவிடக் குறைவு. அரிய அல்லீல் எங்காவது மிஞ்சியிருந்தால் அங்கே இருக்கவே வாய்ப்பு அதிகம், ஏனெனில் வடக்கே போய்க் குடியேறியவை ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு சிறு பங்கை மட்டுமே எடுத்துக்கொண்டு போயிருக்கும்.

வெண்சங்கு | 27 மார்ச் 2025

கூடவே, ஒவ்வொரு ஆண்டும் வில்லை போடும்போது வரும் தோல் துண்டுகளில் ஒரு பங்கைப் பயன்படுத்தாமல் -80 டிகிரியில் பூட்டி வையுங்கள். ஆண்டுக்கு 50, வெவ்வேறு குடாக்களிலிருந்து. ஒரு பெருநோய் வந்து போன பிறகு, "முன்பு என்ன இருந்தது" என்று பார்க்க அந்தத் துண்டுகள்தான் வேண்டும். 1892க்கு முந்தைய எலும்பு போதிய அளவு கைக்கு எட்டாததால்தான் இந்த இழையில் பாதிக் கேள்விகள் அனுமானத்தில் நிற்கின்றன.